தோக்கியோ டிஸ்னி கனவா? டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போடுங்க

பாச்சாங்கிலிருந்து மலாக்கா சென்ட்ரல் பக்கம்தான். அங்கே பஸ் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கேஎல்ஐஏ. அதன் பிறகு விமானத்தில் சுமார் ஏழு மணி நேரம், இறங்கியதும் ரயில். இவ்வளவும் தாண்டிப் போய், ஐந்து நிமிடச் சவாரிக்காக இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்கணுமா?

நீங்கள் டிஸ்னி ரசிகர் என்றால், இந்தக் கேள்வியை வீட்டில் யாராவது ஏற்கனவே கேட்டிருப்பார்கள். "அது சின்னப் பிள்ளைங்க போற இடம்தானே?" என்பார் மாமா. "அந்தக் காசுக்கு அரை பவுனாவது வாங்கி வைக்கலாம்ல?" என்பார் அத்தை.

மாமாவுக்குப் பதில் சொல்வது சுலபம். தோக்கியோ டிஸ்னி ரிசார்ட்டுக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் 18 வயதைத் தாண்டியவர்கள். கூட்டாளிகளோடு ஒரே மாதிரி சட்டை போட்டு வருபவர்கள், தனியாக வருபவர்கள், பேரப்பிள்ளைகள் கூட இல்லாமல் ஜோடியாக வரும் தாத்தா பாட்டிகள் என்று எல்லோரையும் அங்கே பார்க்கலாம்.

அத்தையின் கேள்விக்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்து கணக்குப் போடணும். ஏன்னா, சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் போகிற நமக்கு இது வருஷா வருஷம் கிடைக்கிற பயணம் இல்லை. பலருக்கு இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணமாகவே இருக்கும்.

முதலில், இதெல்லாம் ஏன் நம்ம நாட்டில் இல்லை?

டிஸ்னி பூங்காக்கள் உலகத்தில் ஆறு இடங்களில் மட்டுமே உள்ளன. அமெரிக்காவில் இரண்டு, பாரிஸ், தோக்கியோ, ஹாங்காங், ஷங்ஹாய். அவற்றில் அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலில் திறக்கப்பட்டது தோக்கியோ டிஸ்னிலேண்ட்தான். 1983 ஏப்ரல் 15-ஆம் தேதி அது திறப்பு விழா கண்டது. பெயர்தான் தோக்கியோ, இருப்பது பக்கத்து மாவட்டமான சிபாவில், உராயாசு என்ற நகரத்தில்.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயமும் உண்டு. அந்தப் பூங்காவை நடத்துவது டிஸ்னி நிறுவனம் இல்லை. ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம்தான் அதன் சொந்தக்காரர். கதாபாத்திரங்களையும் பெயரையும் பயன்படுத்துவதற்காக அது டிஸ்னிக்கு உரிமத் தொகை கட்டுகிறது. ஆக, மிக்கி மவுஸ் ஒரு நாட்டுக்குக் குடிவர வேண்டுமென்றால், பல பில்லியன் போட்டுக் கட்டவும், உரிமத் தொகை கொடுக்கவும், வருஷம் முழுக்கக் கூட்டத்தை வரவழைக்கவும் ஒருவர் தயாராக இருக்கணும்.

மலேசியாவும் இந்த வழியில் ஒரு முயற்சி செய்தது. 2013-இல் கெந்திங் மலையில் உலகின் முதல் 20-ஆம் செஞ்சுரி ஃபாக்ஸ் பூங்கா வரப் போவதாக அறிவிக்கப்பட்டது. திறப்பு தள்ளிக்கொண்டே போனது. ஃபாக்ஸை டிஸ்னி வாங்கும் நேரத்தில் ஒப்பந்தம் முறிந்தது. 2018 நவம்பரில் கெந்திங் மலேசியா நிறுவனம் இரண்டின் மீதும் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. 2019 ஜூலையில் சமரசம் ஆனது. 2022 பிப்ரவரி 8-ஆம் தேதி அதே இடம் 'கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ்' என்ற பெயரில் திறக்கப்பட்டது. ஒரு பூங்காவின் உயிர் அதன் இரும்பிலும் சிமெண்டிலும் மட்டும் இல்லை, உரிம ஒப்பந்தத்திலும் இருக்கிறது என்பதற்கு நம் வீட்டுப் பக்கத்திலேயே உள்ள உதாரணம் இது.

பூங்கா உங்களுக்கு விற்பது நேரத்தை

ரசிகர்கள் டிக்கெட்டைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். ஆனால் உள்ளே போனதும் புரியும்: அங்கே தட்டுப்பாடாக இருக்கும் பொருள் நேரம்தான்.

தோக்கியோவின் இரண்டு பூங்காக்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 27 மில்லியனுக்கும் அதிகமான வருகைகள் பதிவாகின்றன. மலேசியாவின் மொத்த மக்கள் தொகையே சுமார் 34 மில்லியன்தான். ஒரு சவாரி மணிக்கு 1,500 பேரை ஏற்றும் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு முன்னால் 3,000 பேர் நின்றால், கணக்கு நேராக இரண்டு மணி நேரம். இதில் அதிர்ஷ்டம் ஒன்றும் கிடையாது.

அந்த நேரத்தைப் பூங்கா மூன்று விதமாக விலை வைக்கிறது.

முதலாவது, நாள். 2021 மார்ச் முதல் அங்கே நாளுக்கு ஒரு விலை. 2023 அக்டோபரில் நடப்புக்கு வந்த கட்டணப் பட்டியலின்படி, 18 வயதுக்கு மேற்பட்டவருக்கு ஒரு நாள் டிக்கெட் 7,900 யென்னில் தொடங்கி 10,900 யென் வரை போகும். செலாவணி விகிதம் ஏறி இறங்கும்; பாதுகாப்பாக 100 யென்னுக்கு 3 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், குறைந்தது 237 ரிங்கிட், அதிகம் 327 ரிங்கிட். இடையில் 90 ரிங்கிட் வித்தியாசம். விலை அதிகமான நாளில்தான் கூட்டமும் அதிகம் என்பதை மறக்காதீங்க. கூடுதலாகப் பணம் கட்டிக் குறைவான சவாரிகள் ஏறப் போகிறீர்கள்.

இரண்டாவது, வரிசை. 2022 மே மாதம் 'டிஸ்னி பிரீமியர் அக்சஸ்' அறிமுகமானது. தனியாகப் பணம் கட்டினால், குறிப்பிட்ட ஒரு சவாரிக்கு நீண்ட வரிசையைத் தவிர்க்கலாம். ஒருவருக்கு, ஒரு சவாரிக்கு 1,500 முதல் 2,500 யென் வரை. பூங்காவுக்குள் நுழைந்த பிறகு செயலியில்தான் வாங்க முடியும்.

மூன்றாவது, பூங்கா. டிஸ்னிலேண்ட் வேறு, 2001 செப்டம்பர் 4-இல் திறந்த டிஸ்னிசீ வேறு. இரண்டுக்கும் தனித்தனி வாசல். சாதாரண ஒரு நாள் டிக்கெட்டில் ஒன்றுக்குள் மட்டும்தான் போகலாம். "ரெண்டையும் ஒரே நாளில் பார்த்திடலாம்" என்று திட்டம் போட்டிருந்தால், இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

இதையே ஒரு குடும்பத்துக்குக் கணக்குப் பார்ப்போம். பெரியவர்கள் நான்கு பேர். மலிவான நாளை விட்டுவிட்டு விலை உச்சமான நாளில் போனால் டிக்கெட்டில் மட்டும் 12,000 யென் கூடுதல். கூட்டம் தாங்காமல் நான்கு பேருக்கும் மூன்று சவாரிகளுக்குப் பிரீமியர் அக்சஸ் வாங்கினால், ஒன்று 2,000 யென் என்று வைத்தாலும் 24,000 யென். மொத்தம் 36,000 யென், அதாவது சுமார் 1,080 ரிங்கிட். மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். நாளைத் தவறாகத் தேர்ந்தெடுத்ததற்கு மட்டும் அதில் பாதிக்கு மேல் போய்விடுகிறது.

அத்தைக்குச் சொல்ல வேண்டிய பதில் இங்கேதான் இருக்கிறது. ஒரு ரசிகரிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒரு சொத்து உண்டு: அந்த இடத்தைப் பற்றிய அறிவு. அதைச் சரியாகப் பயன்படுத்தினால் இந்த ஆயிரம் ரிங்கிட் கையிலேயே நிற்கும்.

எந்த நாளில் போவது?

ஜப்பானியர்களின் நாள்காட்டியைத்தான் முதலில் பார்க்கணும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை வரும் 'கோல்டன் வீக்', ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன், ஆண்டிறுதி, மார்ச் கடைசியில் வரும் பள்ளி விடுமுறை, இந்த நான்கையும் தவிர்த்தாலே பாதி வேலை முடிந்தது. சனி, ஞாயிறைவிட வாரநாள் எப்போதும் மேல்.

ஜூன் முதல் ஜூலை நடுப்பகுதி வரை தோக்கியோ வட்டாரத்தில் மழைக்காலம். கூட்டம் குறையலாம், ஆனால் மழையில் ஊர்வலம் ரத்தாகும், திறந்தவெளிச் சவாரிகள் நிற்கும். வாணவேடிக்கைக்குப் பலத்த காற்றே போதும், நிறுத்திவிடுவார்கள். எதற்காகப் போகிறீர்களோ அதற்கேற்றபடி முடிவெடுங்கள்.

நாளுக்குள்ளும் நேரம் உண்டு. மாசி மகத்தன்று செங் சன்னாசிமலைக்குப் போனவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் போனவர் சாமி கும்பிட்டுத் திரும்பும்போதுதான், தாமதமாக வந்தவர் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருப்பார். பூங்காவிலும் அப்படித்தான். வாசல் திறந்த முதல் ஒரு மணி நேரமும், மூடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் பொன்னான நேரம். காலை 11 முதல் மாலை 4 வரை வரிசைகள் நீளும். அப்போது சாப்பாடு, கடை, மேடை நிகழ்ச்சி என்று பிரித்துக்கொள்ளுங்கள். பொதுவாக, மூடும் நேரத்துக்கு முன்னால் வரிசையில் சேர்ந்துவிட்டால் சவாரி கிடைத்துவிடும்.

யூடியூப் பார்த்து மனப்பாடம் செய்தாலும்…

தீவிர ரசிகருக்குப் பூங்காவின் வரைபடமே மனதுக்குள் இருக்கும். அதில்தான் ஓர் ஆபத்து. நீங்கள் மனப்பாடம் செய்து வைத்திருப்பது பழைய வரைபடமாக இருக்கலாம்.

சில உதாரணங்கள். டிஸ்னிலேண்ட் தொடங்கிய நாளிலிருந்து ஓடிய 'ஸ்பேஸ் மவுண்டன்' 2024 ஜூலை 31-ஆம் தேதியோடு மூடப்பட்டது. முழுசாக இடித்துக் கட்டுகிறார்கள். புதியது 2027-இல் திறப்பதாகத் திட்டம். பஸ் லைட்இயர் சவாரி 2024 அக்டோபரில் விடைபெற்றது. டிஸ்னிசீயில் சுமார் 320 பில்லியன் யென் செலவில் 'ஃபேன்டசி ஸ்பிரிங்ஸ்' பகுதி 2024 ஜூன் 6-இல் திறந்தது. 'ஃப்ரோசன்', ரப்புன்சல், பீட்டர் பேன் மூவரின் உலகமும் அங்கேதான். தொடக்கத்தில் அதற்குள் நுழையவே தனி அனுமதி தேவைப்பட்டது. 2025 ஏப்ரலில் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். முந்தைய ஆண்டு வீடியோவை நம்பிப் போனவர் தேவையில்லாமல் பதறியிருப்பார்.

அதனால் விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே, பூங்காவின் அதிகாரபூர்வத் தளத்தில் உள்ள மூடல் அட்டவணையைப் பாருங்கள். எந்தச் சவாரிக்காகப் போகிறீர்களோ, அது அந்த வாரம் பராமரிப்பில் இருக்கக் கூடாது, இல்லையா?

ரசிகர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய வேறு சில விதிகளும் உண்டு.

• பெரியவர்கள் கதாபாத்திரம்போல முழு வேடமிட்டு வருவதற்கு ஹாலோவீன் காலத்தில் அறிவிக்கப்படும் நாள்களில் மட்டுமே அனுமதி. மற்ற நாள்களில் தலைப்பட்டை, தொப்பி, சட்டை போதும்.

• ஊர்வலம் பார்க்க இடம் பிடிப்பதற்கும் நேரம் உண்டு. தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்துதான் விரிப்பு விரிக்கலாம். முன்வரிசையில் இருப்பவர்கள் உட்கார்ந்தேதான் பார்க்கணும்.

• செல்ஃபி குச்சியை நீட்டிப் படம் எடுக்க முடியாது.

• டஃபி கரடி பிடிக்குமா? அந்தப் பெயரோடு அது 2005-இல் புகழ்பெறத் தொடங்கியது டிஸ்னிசீயில்தான். அதன் கூட்டாளி நரி லீனாபெல் பிறந்தது 2021-இல், ஷங்ஹாயில். ஒவ்வொரு பூங்காவுக்கும் தனிப் பொருள்கள் உண்டு. எல்லாவற்றையும் வாங்க ஆசைப்பட்டால் பெட்டியும் தாங்காது, பையும் தாங்காது. கடைக்கு என்று ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். அது தீர்ந்தால் கடையும் முடிந்தது.

சாப்பாடு: முன்னாலேயே யோசிக்க வேண்டியது

நம் வீடுகளில் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் பலர். வெள்ளிக்கிழமை, புரட்டாசி மாதம் என்றால் சைவம் மட்டும். ஜப்பானில் சைவம் என்று நினைத்து வாங்கும் சூப்பிலும் நூடல்ஸிலும்கூட மீன் சாறு இருக்கலாம். கறி என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் மாடு அல்லது பன்றி. பெயரை வைத்து முடிவு செய்யாமல், உணவுப் பட்டியலில் உள்ள பொருள் விவரத்தைக் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பாருங்கள்.

வெளிச் சாப்பாட்டைப் பூங்காவுக்குள் கொண்டு போக முடியாது. கட்டிக்கொண்டு போனதைச் சாப்பிட வாசலுக்கு வெளியே தனி இடம் வைத்திருக்கிறார்கள். அம்மா கட்டாயம் புளிசாதம் கட்டிக் கொடுப்பேன் என்றால், அந்த இடத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவக் காரணத்தால் தனி உணவு தேவைப்படுவோர் முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

பாப்கார்ன் பற்றிச் சொல்லாமல் விட்டால் ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள். கறி மசாலா சுவையில்கூட அங்கே பாப்கார்ன் உண்டு. அதற்கான வாளிகளைச் சேகரிப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது.

காசு எங்கிருந்து வரப் போகுது?

இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடாதீங்க.

2024 மே 11 முதல், 55 வயதுக்குட்பட்ட இபிஎஃப் உறுப்பினர்களுக்கு மூன்றாவது கணக்கு ஒன்று வந்தது. ஒவ்வொரு மாதச் சந்தாவிலும் 10 விழுக்காடு அதற்குப் போகிறது. குறைந்தது 50 ரிங்கிட்டிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். பயணத்துக்கு அதை எடுப்பது தவறில்லை, சட்டம் தடுக்கவும் இல்லை. ஆனால் வேலை போனால், வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் முதலில் கை வைக்கப் போவதும் அதே பணத்தில்தான். 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' திட்டத்தில் விமான டிக்கெட் எடுத்தால், பயணம் முடிந்து வந்த பிறகும் மாதா மாதம் தவணை தொடரும். மாதம் இவ்வளவு என்று தனியாக ஒதுக்கி, தொகை சேர்ந்த பிறகு தேதி குறிப்பது மெதுவான வழிதான். ஆனால் திரும்பி வந்து மாதக் கடைசியில் யாரிடமும் கடன் கேட்க வேண்டி வராது.

மலிவான 'பேக்கேஜ்' விளம்பரங்களிலும் கவனம் தேவை. மலேசியாவில் சுற்றுலா ஏற்பாடு செய்து தரும் நிறுவனம், 1992-ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டத்தின்படி சுற்றுலா அமைச்சின் உரிமம் பெற்றிருக்கணும். பணத்தைத் தனிநபர் வங்கிக் கணக்கில் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

பூங்கா டிக்கெட்டை அதிகாரபூர்வத் தளத்திலோ, அது அங்கீகரித்த விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். வாசலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். பொதுவாகப் பயணத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பு விற்பனை தொடங்கும்.

விசா விஷயத்தில் நமக்கு நல்ல செய்தி. சில்லு பொருத்திய மலேசியக் கடப்பிதழ் இருந்தால், 2013 ஜூலை முதல் ஜப்பானுக்குக் குறுகிய காலச் சுற்றுலா விசா தேவையில்லை. கடப்பிதழ் காலாவதியாக ஆறு மாதமாவது இருப்பது பாதுகாப்பு.

ஜப்பான்தான் போகணுமா?

அது நீங்கள் எதன் ரசிகர் என்பதைப் பொறுத்தது.

லெகோ பிடிக்கும் என்றால் கடப்பிதழே வேண்டாம். ஆசியாவின் முதல் லெகோலேண்ட் 2012 முதல் ஜோகூரில் இருக்கிறது. மினியன்ஸ், டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்றால், மலாக்கா சென்ட்ரலிலிருந்து பஸ்ஸிலேயே போகக்கூடிய யூனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூர் போதும். அங்கே மினியன் லேண்ட் 2025 பிப்ரவரியில் திறந்தது. ஹேரி பாட்டர், மாரியோ இரண்டும் வேண்டுமென்றால் ஜப்பானின் ஓசாகா. 'ஃப்ரோசன்' மட்டும்தான் ஆசை என்றால் ஹாங்காங்கிலும் 2023 நவம்பர் முதல் அதற்கென்றே ஒரு பகுதி உண்டு. 'ஸூட்டோப்பியா' நகரத்தைப் பார்க்கணும் என்றால் ஷங்ஹாய். மலேசியர்கள் இப்போது விசா இல்லாமலேயே 30 நாள் வரை சீனாவில் தங்கலாம்.

பெயர் பெரியது என்பதற்காகத் தூரம் போக வேண்டியதில்லை. உங்களுக்குப் பிடித்த அந்த ஒன்று எங்கே இருக்கிறதோ, அங்கே போனால் போதும்.

கூட வருபவர் ரசிகர் இல்லை என்றால்?

முதல் சம்பளம் சேர்த்து அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் நம்மில் நிறைய. உங்களுக்கு அது கனவு நகரம். அவர்களுக்கு அது நாள் முழுக்க நடை. முட்டிவலி இருப்பவருக்கு இரண்டு மணி நேர வரிசை தண்டனைதான். பூங்காவில் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். உடல்நிலை காரணமாக நீண்ட நேரம் வரிசையில் நிற்க முடியாதவர்கள், வேறு இடத்தில் காத்திருந்து சவாரிக்கு வர உதவும் ஏற்பாடும் உண்டு. தகுதி விதிகளைப் புறப்படுவதற்கு முன் படித்துக்கொள்ளுங்கள்.

திட்டத்தையும் கொஞ்சம் பிரித்துப் போடுங்கள். காலை முதல் ஒரு மணி நேரம் உங்களுடைய பெரிய சவாரிக்கு. அந்த நேரத்தில் அவர்கள் மெதுவாகச் சாப்பிட்டுவிட்டு வரட்டும். மதியம் குளிர்சாதன அரங்கில் ஒரு நிகழ்ச்சி. சாயங்காலம், நிழல் விழுந்த ஓர் ஓரத்தில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து ஊர்வலம். நீங்கள் போட்ட பட்டியலில் நாலு சவாரிகள் விட்டுப் போகலாம், பரவாயில்லை. மிக்கியைப் பார்த்து அம்மா கை அசைக்கும்போது, நீங்கள் இன்னொரு சவாரிக்கான வரிசையில் நின்றுகொண்டிருக்கக் கூடாது.